அமைதி நேரம்

இரவு பத்து முதல் காலை ஆறு வரை
சத்தம் கூடாது என்கிற பலகையின் அடியில்
என் பெயர் இருக்கிறது: வெர்னா குபியாக், முகாம் பொறுப்பாளர்.
சம்பளம் கிடையாது.
மே தொடங்கி செப்டம்பர் வரை
என் டிரெய்லருக்கு ஒரு நிழலும் மின்சாரமும் இலவசம்.
பதிலுக்கு விறகு விற்கிறேன், கட்டு ஏழு டாலர்.
கழிப்பறையில் காகிதம் மாற்றுகிறேன்.
ரக்கூன் தூக்கிப்போன ரொட்டிக்காக
ரக்கூன் சார்பில் மன்னிப்பும் கேட்கிறேன்.

ஜூன், வெள்ளிக்கிழமை.
பதினேழாம் எண் இடத்துக்கு ஆர்லோ லிண்ட்குவிஸ்ட் வந்தான்.
கூட மகள் டில்டா, மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
கடை மடிப்புக் கலையாத கூடாரம்.
இரண்டு மணி நேரம் கம்பிகளோடு மல்லுக்கட்டினான்.
அவள் செய்முறைத் தாளைத் தலைகீழாகப் பிடித்து
உரக்க வாசித்துக் காட்டினாள்,
வாசிக்க இன்னும் தெரியாது.
“மேட்டில் இருபதாம் எண் காலிதான்” என்றேன்.
“ஆத்துக்குப் பக்கத்தில்தான் வேணுமாம்” என்றான்.
வேணுமென்றவள்
தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி
இதைத் தாண்டி வரக்கூடாது என்று
ஆற்றிடம் விரலாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வடக்கே எங்கோ மழை.
எங்களுக்கு ஒரு துளி இல்லை, கொசுதான்.
பதினொன்றரைக்கு என் கதவில் விரல்நுனித் தட்டல்.
பத்தொன்பதாம் எண் டூ ஜெர் வாங்,
கெளுத்தி பிடிக்க வருஷா வருஷம் மனைவியோடு வருபவர்.
“என் நாற்காலிக் கால் நனைந்திருக்கிறது” என்றார்.
“அரைமணி முன்னால் நனையவில்லை.”

டார்ச் எடுத்துப் போனேன்.
குச்சியின் உச்சி மட்டும் தெரிந்தது.
அதைச் சுற்றித் தண்ணீர்
எதையோ மென்றுகொண்டிருந்தது.

“எழுப்பவா?” என்றான் ஆர்லோ,
என்னிடமா தன்னிடமா தெரியவில்லை.
“தூங்கவே பத்தரை ஆச்சு.
அம்மா இல்லாமல் முதல் ராத்திரி.”
இறந்தாளா, பிரிந்தாளா, ஊருக்குப் போனாளா?
ஏழு டாலருக்கு விறகு விற்பவள்
கேட்கிற கேள்வி இல்லை அது.
அதற்குள் டூ ஜெரின் மனைவி மாய் சீ
முளைகளில் பாதியைப் பிடுங்கியிருந்தாள்.

நான்கு மூலை, நான்கு பேர்.
ஒன்று, இரண்டு, உதட்டில் மட்டும்.
மூன்றில் தூக்கினோம்.
உள்ளே எரிந்த சின்ன விளக்கை அணைக்க மறந்திருந்தோம்.
சத்தமில்லாமல் ஒரு வீட்டைத் திருடிக்கொண்டு போகும்
நான்கு பேராக மேடேறினோம்,
வீட்டுக்காரி உள்ளே தூங்க.
என் மூலையில் அவள் கால் இருந்திருக்க வேண்டும்,
ஒருமுறை உதைத்தாள்.
கூடாரம் மூச்சை இழுத்துப்பிடித்தது.
அப்போதுதான் வேர் தடுக்கி
நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
இருபத்திரண்டாம் எண் வேன் ஜன்னலிலிருந்து
ஒரு குரல்:
“பலகையைப் படிக்கத் தெரியாதா?”

மாய் சீ சிரிப்பை அடக்கியதில்
அவள் பக்கத்து மூலை
இருபதாம் எண் வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது.

இடம் மாற்றினால் படிவம் உண்டு, வெள்ளமே வந்தாலும்.
காரணம் என்ற கட்டத்தில்
ஆறு என்று எழுதினேன்.
கீழே குழந்தையின் வயது கேட்டிருந்தார்கள்.
அதற்கும் அதையேதான் எழுத வேண்டியிருந்தது.

விடிந்தபோது
பதினேழாம் எண் மேஜை முழங்கால் தண்ணீரில் நின்றது.
மாய் சீ முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், எல்லோருக்கும்.
டில்டா ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினாள்.
இடதுபக்கம் இருந்த பைன் மரம் வலதுபக்கம் இருந்தது.
அதைச் சற்று நேரம் பார்த்தாள்.
பிறகு, நேற்றைவிடத் தூரத்தில் ஓடிய ஆற்றை.

“சொன்னேன்ல” என்றாள்,
“தள்ளிப் போயிருக்கு பாரு.”

ஆர்லோ எங்களைப் பார்த்தான்.
டூ ஜெர் தூண்டில் நரம்பில் இல்லாத சிக்கலை
எடுத்துக்கொண்டிருந்தார்.
நான் கடிகாரம் பார்த்தேன்: ஆறடிக்க ஐந்து நிமிடம்.
யாரும் பேசக்கூடாத நேரம்.

அவள் வெறுங்காலோடு
இன்னொரு குச்சி தேடிப் போனாள்.